படம் அடுக்க ஒரு மண்டலம்

ஆனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மஸ்கட்டிலிருந்து அண்ணன் போன் செய்தான். ஓணத்துக்கு லீவு கிடைத்திருக்கிறது, வரும்போது வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி ஒரு டிஸ்கில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டான். "இப்பம்தான் எல்லாத்துக்கும் சாப்ட்வேர் இருக்கே. அதுவே தேதி பாத்து, மொகம் பாத்து பிரிச்சிப் போட்டிரும்லா? ஒரு நாள்ல முடிஞ்சிருமா?" என்றான். முடிஞ்சிரும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

41 நாள் ஆனது. சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் கணக்கில் அது ஒரு மண்டலம்.

இதில் கம்ப்யூட்டர் உருப்படியாக வேலை செய்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 20 மணி நேரம்தான் வருகிறது. அதற்குப் பிறகு ஆபீஸில் இரண்டு பேர், சொந்தத்தில் ஒருவர் என்று மூன்று பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "எவ்வளவு நேரம் ஆகும்?" ஒற்றை வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் சரக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் எங்கள் வீட்டு அலமாரியில் பழைய போர்ட்டபிள் டிஸ்க் இரண்டு, பென்டிரைவ் ஐந்து, அம்மாவின் நகைப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி வைத்த மெமரி கார்டு மூன்று. இதோடு என் போன், அம்மா போன், சென்னையிலிருக்கும் அக்கா அனுப்பிய ஐபோன் படங்கள். 2019 கோடை விடுமுறையில் அக்கா மகள் ஸ்கேன் செய்து வைத்த 640 பிரிண்டுகள் தனி. எல்லாம் சேர்த்து 61,340 படங்கள், கிட்டத்தட்ட 200 ஜிபி. வீடியோக்களை இந்த முறை தொடவில்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை. இதில் மென்பொருளுக்குப் பங்கே இல்லை, கேபிளும் டிஸ்கும்தான். பழைய யுஎஸ்பி 2.0 கேபிளில் நொடிக்கு 30 எம்பி போனால் பெரிய விஷயம். 200 ஜிபிக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று கணக்குப் போட்டேன். ஐந்தரை மணி நேரம் ஆனது. வாட்ஸ்அப் போல்டர்களில் சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்ததுதான் காரணம். சுழலும் டிஸ்கில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளேயிருக்கும் ஊசி இடம் மாறிப் போய் நிற்க வேண்டும். பெரிய படம் ஒன்றை ஒரே மூச்சில் படித்துவிடும், சின்னப் படம் நூறென்றால் நூறு முறை அலையும். அதோடு ஒரு டிஸ்கின் போர்ட்டில் உப்புக்காற்றுப் பட்டுப் பச்சை பிடித்திருந்தது. கடல் பக்கத்தில் குடியிருந்த வருஷங்களில் பட்டது. அதைத் துடைத்துச் சுத்தம் செய்யும்வரை பாதியில் பாதியில் தொடர்பு அறுந்தது.

இனி யாராவது இந்த வேலையைத் தொடங்கினால் நான் சொல்வது இதுதான்: படங்களை முதலில் எஸ்எஸ்டிக்கு, அதாவது உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாத டிஸ்குக்கு, மாற்றிக்கொள்ளுங்கள், மென்பொருளை அப்புறம் ஓட்டுங்கள். சுழலும் டிஸ்கிலேயே வைத்து ஓட்டினால் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த அலைச்சலுக்கு நேரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூலப் படங்களைத் தொடாமல் நகலில் வேலை செய்வதற்கும் இதுதான் வசதி.

தேதி படிப்பது சீக்கிரம் முடிந்துவிட்டது. கேமராவோ போனோ படம் எடுக்கும்போதே தேதி, நேரம், கேமரா பெயர், சில நேரம் இடம் என்று எல்லாவற்றையும் கோப்பின் தலைப்பகுதியில் எழுதி வைத்துவிடும். எக்ஸிஃப் என்று இதற்குப் பெயர். 1995-ல் ஜப்பானியக் கேமரா உலகம் உருவாக்கிய முறை. ஜேபெக் கோப்பில் இந்தப் பகுதி 64 கேபியைத் தாண்டாது. முழுப் படத்தையும் பிரிக்க வேண்டியதில்லை, தலையை மட்டும் பார்த்தால் போதும். எஸ்எஸ்டியில் 61,000 படங்களுக்கு 20 நிமிஷம்கூட ஆகவில்லை. வருஷம், மாதம் என்று போல்டர் போட்டு அழகாகப் பிரித்தும் வைத்துவிட்டது. ஒரு நாளில் முடிந்துவிடும் என்று அண்ணனிடம் சொன்னது சரிதான் என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் போல்டர்களைத் திறந்து பார்த்தேன். 2005 ஜனவரி 1-ஆம் தேதி மட்டும் எங்கள் வீட்டில் 1,900 படங்கள் எடுத்திருக்கிறோம். அன்றைக்கே ஓணம், அன்றைக்கே அக்கா நிச்சயதார்த்தம், அன்றைக்கே மண்டைக்காட்டுக் கொடை, அன்றைக்கே பேச்சிப்பாறை அணை.

அண்ணன் முதல் தடவை லீவில் வந்தபோது கொண்டுவந்த கேமரா செய்த வேலை இது. பேட்டரியைக் கழற்றி நாலு நாள் வைத்தால் அதற்குத் தேதி மறந்துவிடும். திரும்பப் போட்டதும் 2005 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி என்று தொடங்கும். தேதியைக் கேட்கும், நாங்கள் யாரும் பொறுமையாகப் பதில் சொன்னதில்லை. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. எழுதியிருந்ததைப் படித்து அடுக்கியிருக்கிறது.

ஆனால் இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கேமராவின் தேதி தப்பாக இருந்தாலும் ஓட்டம் சரியாக இருக்கும். ஒரே ஒரு படத்துக்கு உண்மையான தேதியைக் கண்டுபிடித்துவிட்டால், வித்தியாசத்தைக் கூட்டி மற்ற எல்லாவற்றையும் நகர்த்திவிடலாம். அப்படி ஒரு படத்தைத் தேடி இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். அக்கா முற்றத்தில் அத்தப்பூ போட்டு முடித்துவிட்டு நடைப்படியில் நிற்கிற படம் ஒன்று. அவளுக்குப் பின்னால் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக உடைந்து கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பெரிய எழுத்துத் தெரிந்தது. 12. கீழே வெள்ளி. மேலே செப்டம்பர் 2008. திருவோண நாள். காலண்டருக்கு மேலே கடிகாரமும் இருந்தது. முள் 11.40-ல் நிற்கிறது. அந்தப் படத்துக்குக் கேமரா எழுதியிருந்தது 2005 ஜனவரி 3, காலை 9.12.

வித்தியாசம் 1,348 நாள், 2 மணி 28 நிமிஷம். எக்ஸிஃப்டூல் என்கிற இலவச நிரலில் அதைக் கொடுத்தேன். அந்த வரிசையில் இருந்த 430 படங்களும் சில நொடிகளில் அதனதன் நாளுக்குப் போய் உட்கார்ந்தன. காலண்டர் தாளைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி, திருத்த சில நொடி. அப்பா தினமும் காலையில் மறக்காமல் தாள் கிழிக்கிறவர். அவர் ஒரு நாள் சோம்பியிருந்தால்கூட என் கணக்கு தப்பியிருக்கும்.

பேட்டரி ஏழு தடவை கழன்றிருக்கிறது. அதனால் ஏழு வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சி தேட வேண்டியிருந்தது. கல்யாண மண்டப வாசலில் பேனர், பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையில் தொங்கிய துணி, ஒரு படத்தில் கையில் விரித்த தினசரி. ஒரு வரிசைக்கு எதுவுமே கிடைக்கவில்லை. அது இன்னும் 2005-லேயே இருக்கிறது.

அக்கா கல்யாணத்தில் வேறொரு குழப்பம். பந்தியில் பாயசம் விளம்புகிற படங்கள் முதலில் வருகின்றன, தாலி கட்டு பிறகு வருகிறது. அண்ணனின் கேமராக் கடிகாரம் மஸ்கட் நேரத்தில் ஓடியிருக்கிறது. அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தித்தான் மணி அடிக்கும். ஊர் நேரம் எது என்பதைப் படத்தோடு சேர்த்து எழுதும் வசதி எக்ஸிஃப் முறையில் 2016-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்களில், எந்த ஊர்க் கடிகாரம் என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

வாட்ஸ்அப் படங்களில் எக்ஸிஃப் இருக்காது. கோப்பின் பெயரில் ஒரு தேதி இருக்கும், அது நமக்கு வந்து சேர்ந்த தேதி. 1994-ல் எடுத்த படத்தை யாரோ 2019-ல் குரூப்பில் போட்டால் அது 2019-ல் போய் நிற்கும். ஸ்கேன் செய்த 640 பிரிண்டுகளும் இப்படித்தான். எல்லாம் 2019 மே மாதம்.

அடுத்தது இரட்டைகள். அச்சு அசலாக ஒன்றேபோல இருக்கும் கோப்புகளைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கோப்பையும் முழுசாகப் படித்து, அதற்கு ஒரு கைரேகைபோல எண் போட்டு, எண்களை ஒப்பிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. 20,130 படங்கள் வெறும் நகல்கள். பயத்தில் நகலுக்கு நகல் எடுத்து வைத்திருக்கிறோம். அளவு குறைந்து வந்த வாட்ஸ்அப் நகல்களை இப்படிப் பிடிக்க முடியாது. அவற்றுக்கு வேறு வழி உண்டு. படத்தை 9-க்கு 8 புள்ளி அளவுக்குச் சுருக்கி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் எது வெளிச்சம் எது இருட்டு என்று பார்த்தால் "ஆம்" அல்லது "இல்லை" என்று 64 பதில்கள் கிடைக்கும். இரண்டு படங்களுக்கு இவை ஏறக்குறைய ஒத்துப்போனால் ஒரே படம்தான். இதற்குக் கோப்பில் சுருக்கி வைத்த படங்களைப் பிரித்து விரிக்க வேண்டும் என்பதால் கூடவே சிறுபடங்களையும் உருவாக்கச் சொன்னேன். 12 மெகாபிக்சல் படம் கோப்பாக 3, 4 எம்பிதான், பிரித்தால் நினைவகத்தில் 36 எம்பி பிடிக்கும். என் லேப்டாப் நொடிக்கு ஆறு படம் பிரித்தது. எல்லாம் கழித்து மிஞ்சியவை 38,115.

இனிமேல்தான் முகம்.

2001 வாக்கில்தான் கம்ப்யூட்டர் படத்தில் முகம் இருக்கும் இடத்தை வேகமாகக் கண்டுபிடிக்கக் கற்றது. 2009-ல் கூகுளின் பிக்காசாவும் ஆப்பிளின் ஐபோட்டோவும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஆள் பார்த்துப் பிரிக்கத் தொடங்கின. இப்போதைய முறை, முகத்தை 128 அல்லது 512 எண்களாக மாற்றிவிடுவது. ஒரே ஆளின் இரண்டு முகங்கள் என்றால் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் விழும். படத்தைத் திறப்பது, முகம் தேடுவது, அதை நேராகத் திருப்புவது, எண்ணாக்குவது எல்லாம் சேர்ந்து என் லேப்டாப்பில் படத்துக்கு ஒரு நொடி. அப்படியானால் 38,115 நொடி, பத்தரை மணி நேரம். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இதில் சின்னப் பங்குதான் ஆகும். என்னிடம் இருப்பது 2016-ல் வாங்கிய லேப்டாப்.

முதல் ராத்திரி ஓட்டிவிட்டுப் படுத்தேன். இரண்டு மணிக்கு மழையோடு கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி கால் மணி நேரம் தாங்கும். காலையில் பார்த்தால் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. அந்த மென்பொருள் கடைசியில்தான் எல்லாவற்றையும் சேர்த்து எழுதும் போலிருக்கிறது. வேறொன்றுக்கு மாறினேன். அது ஒவ்வொரு படம் முடிந்ததும் தரவுத்தளத்தில் குறித்துக்கொள்ளும், விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் மாவட்டத்தில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. இங்கே வேகத்தைவிட இந்தக் குணம்தான் முக்கியம். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் நூறு படங்களைக் கொடுத்து ஓடவிட்டு, பாதியில் நீங்களே அணைத்துப் பாருங்கள்.

இரண்டாம் ராத்திரி கரண்ட் போகவில்லை. ஆனால் படத்துக்கு ஒரு நொடி இரண்டரை நொடியாகிவிட்டது. கீழே கை வைத்தால் தோசைக்கல். சூடு கூடினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மறுநாள் வடசேரியில் ஒரு கடையில் கொடுத்துத் தூசி எடுத்து, பிராசசர் மேல் சூடு கடத்தப் பூசும் பேஸ்டை மாற்றி வாங்கி வந்தேன். எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். பழையபடி ஒரு நொடி. அந்த ராத்திரியும் அடுத்த ராத்திரியுமாக முடிந்தது.

கிளவுடில் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், முகம் பிரிக்கிற வேலையை அவர்களே செய்துவிடுவார்கள். ஆனால் ஏற்றுவதற்கு நேரம் ஆகும். எங்கள் வீட்டு இணையத்தில் மேலே போகும் வேகம் 10 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு ஒன்றேகால் எம்பி. நகல்கள் கழித்து மிஞ்சிய 130 ஜிபி ஏற இடைவிடாமல் 29 மணி நேரம் வேண்டும். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளும் வசதி 2021 ஜூன் 1-ஓடு முடிந்துவிட்டது, இப்போது இலவசம் 15 ஜிபிதான். ஐபோனில் இந்த வேலையைப் போனே செய்துகொள்ளும், சார்ஜில் போட்டு லாக் செய்து வைத்திருக்கும் நேரமாகப் பார்த்து, பல ராத்திரிகளாக. சொந்தக்காரப் பிள்ளைகள் முகமெல்லாம் எங்கள் வீட்டு டிஸ்கிலேயே இருக்கட்டும் என்றும் எனக்குத் தோன்றியது.

சரி, முகங்களுக்கு வருவோம். மொத்தம் 52,400 முகங்கள். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 137 கோடி ஜோடி. கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனால் எண்களை ஒப்பிடுவது கம்ப்யூட்டருக்கு மிகச் சுலபம், சில நிமிஷத்தில் முடித்துவிட்டது. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். படம் இரு மடங்கானால் மற்ற வேலைகளும் இரு மடங்குதான் ஆகும், ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் ஒப்பிடும் இந்த வேலை மட்டும் நாலு மடங்காகும். பெரிய சேகரிப்புகளுக்கான மென்பொருட்கள் அதனால்தான் எல்லா ஜோடியையும் பார்க்காமல் குறுக்கு வழி வைத்திருக்கின்றன.

ஒரே ஆள் என்று மென்பொருள் நினைத்த முகங்களைச் சேர்த்து வைத்ததில் கிடைத்தது 1,160 கூட்டங்கள். எங்கள் சொந்தபந்தம் பெரிதுதான், ஆனால் அவ்வளவு பெரிதில்லை. எத்தனை ஒற்றுமை இருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது, நாம் மாற்றலாம். கறாராக வைத்தால் ஒரே ஆள் பத்தாக உடைவார். தளர்த்தினால் பத்துப் பேர் ஒருவராகிவிடுவார்கள். எது குறைந்த வேலை என்று இரண்டையும் செய்து பார்த்தேன். உடைந்ததை ஒட்டுவது எளிது. ஒட்டியதைப் பிரிப்பது நரகம். கறாராகவே வைத்துக்கொண்டேன்.

குலசேகரம் சித்தப்பா இரண்டு ஆள். வருஷம் தவறாமல் கார்த்திகையில் மாலை போடுவார். தாடி வைத்த சித்தப்பா ஒரு கூட்டம், தாடி எடுத்த சித்தப்பா இன்னொரு கூட்டம். அக்கா மகன் கைக்குழந்தையாக ஒருவன், மூன்று வயதில் ஒருவன், முன்பல் விழுந்த பிறகு ஒருவன், மீசை அரும்பிய பிறகு ஒருவன். குழந்தைகள் முகம் மாறிக்கொண்டே போவதை எந்த மென்பொருளும் முழுதாகப் பிடிப்பதில்லை. மறுபக்கம், கறாராக வைத்தும்கூட, அக்காவின் 20 வயதுப் படங்களும் அவள் மகளின் இப்போதைய படங்களும் ஒரே கூட்டத்தில் வந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மெஷினுக்கே தெரிஞ்சி போச்சு பாத்தியா மக்களே" என்றாள்.

பாட்டாவுக்கு, அதாவது எங்கள் தாத்தாவுக்கு, 211 படங்கள் வந்தன. நான் முதலில் நம்பவில்லை. பாட்டா 1998-ல் இறந்துவிட்டார், வீட்டுக்குக் கேமரா வந்தது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. கூட்டத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹாலில் நிலைக்கு மேலே மாலை போட்டு மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். பிறந்தநாள் கேக் வெட்டும்போது, பெண் பார்க்க வந்தபோது, அண்ணன் பெட்டி கட்டும்போது, பேரப்பிள்ளைகள் தரையில் உருளும்போது, எல்லார் தலைக்கும் மேலே, ஒரு மூலையில், நகம் அளவுக்கு. நாங்கள் யாரும் அவரைச் சேர்த்து எடுக்க நினைத்ததில்லை. கண்ணாடியில் ஃபிளாஷ் அடித்துப் பாதி முகம் மறைந்த படங்களில்கூட அவரை மென்பொருள் கண்டுபிடித்திருந்தது. முகம் இல்லை என்று அழிக்கும் பட்டனைச் சுவாமிப் படங்களுக்கும் சுவர் போஸ்டர்களுக்கும் அமுக்கினேன். இதற்கு அமுக்கவில்லை. பெயர் எழுதினேன்.

இந்தப் பெயர் எழுதுகிற வேலைதான் 41 நாளில் பெரும்பகுதியைத் தின்றது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அம்மா கட்டன் சாயாவோடு வந்து உட்காருவாள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். அதற்கு மேல் அவளுக்குக் கண் வலிக்கும். நான் ஒரு கூட்டத்தைத் திறப்பேன், அவள் பெயர் சொல்வாள், நான் தட்டுவேன். இப்படிச் சொன்னால் வேகமாகப் போகும் போலத் தோன்றும். போகாது. "இது திங்கள்நகர் சித்திக்க நாத்தனாராக்கும். இவளுக்க கல்யாணத்துக்கு நம்ம மூணு பஸ் மாறிப் போனோம், நீ வாந்தி எடுத்தே" என்று தொடங்கினால் அந்தக் கதை முடியாமல் அடுத்த முகத்துக்குப் போக முடியாது. நானும் அவசரப்படுத்தவில்லை. சொன்னதில் பாதியைப் படத்தின் குறிப்பிலேயே எழுதிக்கொண்டேன்.

எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். முன்பு ஒரு தடவை, பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், இதே மாதிரி ஐநூறு படங்களுக்குப் பெயர் போட்டிருந்தேன். பெயர்களெல்லாம் மென்பொருளின் தரவுத்தளத்தில் இருந்தன. லேப்டாப் போனபோது படங்களின் நகல் மிஞ்சியது, பெயர்கள் போய்விட்டன. இந்த முறை படத்துக்குள்ளேயே எழுதும்படி அமைத்தேன். எக்ஸ்எம்பி என்ற பகுதியில் தமிழிலேயே எழுதலாம். எக்ஸிஃப் பகுதியில் இருக்கும் பழைய விவரக் கட்டம் ஆங்கில எழுத்துக்கு மட்டும் என்று வகுத்தது, அதில் தமிழ் போட்டால் சில நிரல்களில் கேள்விக்குறியாகத் தெரியும். 38,115 கோப்புகளுக்குள்ளும் எழுத மென்பொருளுக்கு ஆன நேரம் முக்கால் மணி.

பழைய பிரிண்டுகளுக்குத் தேதி போடுவது தனிக் கதை. ஸ்கேன் செய்தபோது அக்கா மகள் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருந்தாள். ஆல்பத்தைத் திரும்ப இறக்கி, ஒட்டிப்போன தாளிலிருந்து மெதுவாகப் படத்தை உரித்துப் பின்பக்கம் பார்த்தேன். பாட்டாவின் கையெழுத்தில் பென்சிலால், "1162 ஆவணி". கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கு. தென்திருவிதாங்கூராக இருந்து 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது. பாட்டா காலத்து ஆட்களுக்குப் பிரமாணம் என்கிற சொத்துப் பத்திரம், ஜாதகம் எல்லாம் கொல்லம் கணக்குதான். ஆவணியில் வருஷம் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825. அப்படியானால் 1986 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள். இந்தக் கணக்கை எந்த மென்பொருளும் எனக்குச் செய்து தரவில்லை. ஒரு தாளில் எழுதி, 83 பிரிண்டுகளுக்குக் கையால் போட்டேன்.

பின்பக்கம் ஒன்றும் எழுதாத படங்களுக்குக் கன்னியாகுமரி உதவியது. வருகிற விருந்தாளிகளையெல்லாம் அங்கே கூட்டிப்போய் ஒரு படம் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். விவேகானந்தர் மண்டபம் 1970-ல் திறந்தது. பக்கத்துப் பாறையில் வள்ளுவர் சிலை திறந்தது 2000 ஜனவரி 1. மண்டபம் இருந்து பக்கத்துப் பாறை வெறுமையாக இருந்தால் ஒரு காலம், முழுச் சிலையும் நின்றால் இன்னொரு காலம்.  இப்படியே 40 படங்களுக்குத் தோராயமாக ஒரு பத்தாண்டு போட முடிந்தது.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன் படங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். அதற்கு மிகப் பக்கத்தில் தன் பட்டியலில் எந்த ஊர் இருக்கிறதோ அந்தப் பெயரை மென்பொருள் போடும். அதற்கு மாநில எல்லை தெரியாது. எங்கள் மாவட்டத்துக் கொல்லங்கோட்டில் எடுத்தவற்றுக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் பொழியூர் என்று வந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து மாற்றினேன்.

முப்பதாவது நாள் வாக்கில் ஒரு கூட்டம் வந்தது. ஆண் ஒருவர், 34 படங்கள். அம்மா பார்த்ததும், "அப்பாக்க கூட்டுக்காரரு லே" என்றாள். அப்பாவின் நண்பர். குளச்சல் பக்கத்தில் கடலோரம் வீடு. 2004 டிசம்பர் 26 காலையில் அந்த வீட்டுக்குள் கடல் வந்தபோது உயிர் தப்பினார்கள். அலமாரி, ஆல்பம் ஒன்றும் மிஞ்சவில்லை. அதன்பின் அவரும் இல்லை, அப்பாவும் இல்லை. போக்குவரத்தும் குறைந்துபோனது. எங்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் அவரும் அவர் மனைவியும் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள், பந்தியில், மேடை ஓரத்தில், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு. நான் தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். தேட வேண்டும் என்றே தோன்றியிருக்காது. அந்த வீட்டுப் பெண்களின், பிள்ளைகளின் முகத்தையும் கொடுத்துத் தேடினேன். ஸ்கேன் செய்த பிரிண்டுகளையும் சேர்த்து 71 படங்கள். அவர்கள் வீட்டில் இப்போது 2005-க்கு முந்தைய படம் ஒன்றுகூட இருக்க வழியில்லை.

அண்ணன் வந்தான். அவனுக்கு ஒரு டிஸ்க் கொடுத்தேன், அது மஸ்கட்டுக்குப் போகும். அக்காவுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் ஒன்று. அண்ணன் தன் கல்யாணப் படங்களைக்கூடத் திறக்கவில்லை, முதலில் அந்த 71 படங்களைத்தான் பார்த்தான். அவற்றில் மூன்றில் கூட்டுக்காரர் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா நிற்கிறாள், காதில் பாம்படம், கையில் வெற்றிலைப் பொட்டலம். மென்பொருள் மூன்றையும் சரியாகச் சேர்த்து வைத்திருக்கிறது. பெயர் கேட்கும் கட்டம் காலியாக இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியவில்லை. சித்திமார் யாருக்கும் தெரியவில்லை.

கூட்டுக்காரரின் மூத்த மகளை ஈத்தாமொழியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். அண்ணன் நம்பர் தேடிப் பிடித்துப் பேசினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொல்லியிருக்கிறார்கள். 71 படங்களையும் போஸ்ட்கார்டு சைஸில் பிரிண்ட் போட்டு வாங்கிவிட்டேன். லேப்டாப்பையும் முழு சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன்.